சுங்க அதிகாரி பையை நிறுத்தினால்: அதிகாரத்தின் எல்லை, வாங்க வேண்டிய காகிதங்கள், எண்ண வேண்டிய நாட்கள்

"விமான நிலையத்தில் ஒரு கிலோ தங்கம் பறிமுதல்" என்று செய்தி வரும் நாளில், சட்டப்படி அங்கே பறிமுதல் எதுவும் நடந்திருக்காது. பொருள் தடுத்து வைக்கப்பட்டிருக்கும், அல்லது கைப்பற்றப்பட்டிருக்கும். பறிமுதல் என்பது நோட்டீஸ் கொடுத்து, பதில் வாங்கி, நேரில் விசாரித்து, ஓர் அதிகாரி பிறகு எழுத்தில் போடும் உத்தரவு. இந்த மூன்றையும் ஒன்று என்று நினைத்து, "எல்லாம் போய்விட்டது" என்று மனம் உடைந்து, நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்கள் ஏராளம். பொருளைத் திரும்பக் கேட்கும் உரிமை பெரும்பாலும் அந்தக் கையெழுத்துகளில்தான் கரைகிறது.

இந்தியச் சுங்க அதிகாரிகளின் அதிகாரம் 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்திலிருந்து வருகிறது. அது 1963 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் தந்திருக்கும் முக்கியமான அதிகாரங்கள் எதுவும் கட்டற்றதல்ல. எந்தப் பதவியில் இருப்பவர் செய்யலாம், என்ன காரணம் இருக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் அடுத்த படிக்குப் போக வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பயணி இவற்றைத் தெரிந்துகொண்டால் போதும், அதிகாரியோடு சண்டை போட வேண்டிய அவசியமே வராது.

எதிரே நிற்பவர் யார்?

வெள்ளைச் சீருடையில் பையைத் திறக்கச் சொல்பவர் பெரும்பாலும் இன்ஸ்பெக்டர். அவருக்கு மேலே சூப்பரிண்டெண்டென்ட், பிறகு உதவி ஆணையர் அல்லது துணை ஆணையர், இணை அல்லது கூடுதல் ஆணையர், ஆணையர், முதன்மை ஆணையர் என்று ஏணி போகிறது. உச்சியில் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம், அதாவது சிபிஐசி. 2018 வரை அதன் பெயர் மத்திய கலால் மற்றும் சுங்க வாரியம்.

பயணிக்கு முக்கியமான கோடு இன்ஸ்பெக்டருக்கும் சூப்பரிண்டெண்டென்டுக்கும் நடுவே இருக்கிறது. சூப்பரிண்டெண்டென்ட் முதல் மேலே இருப்பவர்கள் கெசட்டட் அதிகாரிகள், அதாவது நியமனம் அரசிதழில் வெளியாகும் நிலையினர். 108ஆம் பிரிவின் கீழ் சம்மன் அனுப்பி வாக்குமூலம் வாங்க கெசட்டட் அதிகாரியால்தான் முடியும். வீட்டையோ கடையையோ சோதனையிட 105ஆம் பிரிவின்படி உதவி ஆணையர் அல்லது துணை ஆணையர் நிலையில் உள்ளவர் காரணத்தோடு முடிவெடுக்க வேண்டும். அவரே வரலாம், அல்லது வேறோர் அதிகாரிக்கு அதிகாரம் கொடுத்து அனுப்பலாம். வீட்டு வாசலில் நிற்பவரிடம் அந்த அதிகாரக் கடிதத்தைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை.

சட்டம் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு சொல் "உரிய அதிகாரி". அந்த வேலை சட்டப்படி அவருக்கு ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பொருள். வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமான டிஆர்ஐயின் அதிகாரிகள் வரி கேட்டு நோட்டீஸ் அனுப்பலாமா என்ற கேள்வி இந்தச் சொல்லில்தான் பிறந்தது. 2021 மார்ச்சில் கேனான் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. 2022இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2024 நவம்பரில் மறுஆய்வு மனுவில் அதே நீதிமன்றம் முடியும் என்று மாற்றிச் சொன்னது. எனவே டிஆர்ஐ நோட்டீசை "அதிகாரம் இல்லை" என்று சொல்லித் தள்ளிவிடலாம் என்ற பழைய யோசனையை இன்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கிளம்பும் முன் ஒரு காகிதம்

வீட்டு நகையைப் போட்டுக்கொண்டு வெளிநாடு போகிறீர்கள் என்றால், புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். எந்த நகை, எவ்வளவு எடை என்று அதில் எழுதித் தருவார்கள். திரும்பும்போது "இது இங்கிருந்து போனதுதான்" என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி கிடையாது. விமானத்துக்கு நேரம் ஆகிவிட்டது என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் போகும் குடும்பங்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் இதை முடிப்பது நல்லது. சான்றிதழ் இல்லாவிட்டால் நகைக்கடை ரசீதும், அதே நகை அணிந்து முன்பு எடுத்த, தேதி தெரியும் படங்களும் அடுத்த நிலை ஆதாரம்.

தங்கத்துக்கு இது இன்னும் முக்கியம். 123ஆம் பிரிவின்படி, தங்கத்தை நியாயமான நம்பிக்கையோடு அதிகாரி கைப்பற்றினால், அது கடத்தல் பொருள் அல்ல என்று நிரூபிக்கும் சுமை வைத்திருந்தவர் தலையில் விழும். கைக்கடிகாரத்துக்கும் இதே விதி.

சிவப்பா, பச்சையா

77ஆம் பிரிவு பயணி தன் உடைமையை அறிவிக்க வேண்டும் என்கிறது. அறிவிக்க எதுவும் இல்லாதவருக்குப் பச்சை வழி. வரி கட்ட வேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு வழி. ஐயமாக இருந்தாலும் சிவப்பு வழிதான்.

காரணம் 80ஆம் பிரிவில் இருக்கிறது. பொருள் வரிக்கு உட்பட்டதாகவோ இறக்குமதி தடை உள்ளதாகவோ இருந்து, பயணி அதை உண்மையாக அறிவித்திருந்தால், "வரி கட்ட விருப்பமில்லை, திரும்பும்போது எடுத்துக்கொள்கிறேன்" என்று கேட்டு அதிகாரியிடம் விட்டு வைக்கலாம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வந்து இரண்டு வாரத்தில் திரும்பும் உறவினர்களுக்கு இது பெரிய வழி. பச்சை வழியில் நடந்து வெளியேறும் கதவருகே நிறுத்தப்பட்டவருக்கு இந்தப் பிரிவு கை கொடுக்காது. அறிவிக்கவில்லை என்பதே அவர் மேல் வரும் முதல் குற்றச்சாட்டாகிவிடும்.

உடல் சோதனை

100ஆம் பிரிவின்படி நாட்டுக்குள் வருபவரையும் வெளியேறுபவரையும் சோதிக்கலாம். ஆனால் பறிமுதலுக்கு உரிய பொருளை அவர் மறைத்து வைத்திருக்கிறார் என்று நம்ப அதிகாரிக்குக் காரணம் இருக்க வேண்டும். சோதனை தொடங்கும் முன்னால் 102ஆம் பிரிவு தரும் உரிமையை வாய்விட்டுக் கேளுங்கள்: "என்னை கெசட்டட் அதிகாரி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ அழைத்துப் போங்கள்." கேட்டால் தாமதமின்றி அழைத்துப் போக வேண்டும். அவர் பார்த்து, சோதிக்கக் காரணமில்லை என்று கருதினால் உடனே விட வேண்டும். சோதனைக்கு முன்பே இரண்டு சாட்சிகளை அழைத்திருக்க வேண்டும். பெண்ணைப் பெண் மட்டுமே சோதிக்கலாம். இதில் விதிவிலக்கு கிடையாது.

வயிற்றுக்குள் மறைத்திருப்பதாகச் சந்தேகம் என்றால் 103ஆம் பிரிவு. கருவி வைத்து ஸ்கேன் செய்ய உதவி ஆணையர் அல்லது துணை ஆணையரின் முன் அனுமதி வேண்டும். எக்ஸ்ரே எடுக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். பயணியே ஒப்புக்கொண்டு மருத்துவ உதவிக்குச் சம்மதித்தால் அந்த வழி தேவைப்படாது.

மகஜரை எப்படிப் படிப்பது

வடக்கே பஞ்சநாமா என்பதை நம் பக்கம் மகஜர் என்கிறோம். வழக்கு முழுவதும் நிற்பது இந்தக் காகிதத்தின் மேல்தான். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் இதை வரி வரியாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்து புரியவில்லை என்றால் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு, "தமிழில் படித்துக் காட்டப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திடலாம். காட்டாவிட்டால் "ஆங்கிலம் தெரியாது, படித்துக் காட்டப்படவில்லை" என்று கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள்.

முதலில் நேரம். தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இருக்க வேண்டும். விமானம் இறங்கிய நேரத்தோடு அதை ஒப்பிடுங்கள். இறங்கி ஐந்து மணி நேரம் கழித்து மகஜர் தொடங்குகிறது என்றால், நடுவில் எங்கே உட்கார வைக்கப்பட்டிருந்தீர்கள் என்பது பின்னால் பெரிய கேள்வியாகும்.

அடுத்து, எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்ற வாக்கியம். மொத்த மகஜரிலும் விலை உயர்ந்த வரி இது. சிவப்புக் கவுண்டருக்குப் போய் நீங்களே சொல்லியிருக்கும்போது, "பச்சை வழியைக் கடந்து வெளியேற முயன்றபோது நிறுத்தப்பட்டார், கேட்டதற்கு எதுவும் இல்லை என்றார்" என்று அச்சடித்த வாசகம் அப்படியே ஏறியிருந்தால், 80ஆம் பிரிவின் வழி அங்கேயே அடைபட்டுவிடும். இந்த ஒரு வரி தவறாக இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்தில் உண்மையை எழுதுங்கள். எழுத விடாவிட்டால் மறுநாளே ஸ்பீட் போஸ்டில் ஆணையருக்கு அனுப்புங்கள். அதே கடிதத்தில், குறிப்பிட்ட நாள், நேரம், வாயில் எண் சொல்லி சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கக் கேளுங்கள். பதிவுகள் சில வாரங்களில் மேலெழுதப்பட்டுவிடும். ஆறு மாதம் கழித்துக் கேட்டுப் பயனில்லை.

பிறகு பொருளின் பட்டியல். ஒவ்வொரு நகைக்கும் தனி வரி, கிராமில் எடை, தரம், மதிப்பு. கல் வைத்த நகை என்றால் மொத்த எடையும் தங்க எடையும் தனித்தனியே இருக்க வேண்டும். பசை வடிவத் தங்கம் என்றால் உருக்குவதற்கு முன்னிருந்த எடை, பிரித்தெடுத்த தங்கத்தின் எடை என்று இரண்டு எண்கள். எடை போட்ட மதிப்பீட்டாளரின் சான்று இணைப்பாக வர வேண்டும். "தங்கச் சங்கிலிகள், 3" என்று பொத்தாம் பொதுவாக எழுதியிருந்தால், நீளம், பதக்கம், முத்திரை போன்ற அடையாளங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும் நாளில் எது உங்களுடையது என்று பொருத்திப் பார்க்க அதுதான் உதவும். பிறகு முத்திரையிட்ட உறையின் விவரம், சாட்சிகளின் பெயரும் முகவரியும்.

கடைசியாக உங்கள் முகவரி. கடவுச்சீட்டில் பத்து வருடம் முன்பிருந்த வாடகை வீடு இருக்கும். அதிகாரி அதையே எழுதிக்கொள்வார். நோட்டீஸ் அந்தப் பழைய கதவுக்குப் போய்த் திரும்பும். 153ஆம் பிரிவு அஞ்சல், மின்னஞ்சல், கதவில் ஒட்டுதல் என்று பல வழிகளில் சேர்ப்பிக்க இடம் தருவதால், நீங்கள் பார்க்காமலேயே உத்தரவு வந்து மேல்முறையீட்டு நாளும் கடந்துவிடும். இப்போது வசிக்கும் முகவரியையும் மின்னஞ்சலையும் எழுதச் சொல்லுங்கள்.

பொருளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினால் தடுப்பு ரசீது தருவார்கள். டி.ஆர். என்று அங்கே சொல்வது அதைத்தான். எண், தேதி, எடை, அதிகாரியின் கையெழுத்து நான்கும் இல்லாமல் நகராதீர்கள். அங்கேயே கைபேசியில் படமெடுத்து வீட்டாருக்கு அனுப்பிவிடுங்கள்.

வாக்குமூலம்

108ஆம் பிரிவு விசாரணை நீதிமன்ற நடவடிக்கைக்கு ஒப்பானது. போக மறுக்க முடியாது, பொய் சொன்னால் தனிக் குற்றம். இதற்கு ஏன் இவ்வளவு கனம் என்றால், சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1968இல் முடிவு செய்துவிட்டது. அந்த வழக்கு சென்னையிலிருந்து போனதுதான்: இலியாஸ் எதிர் சுங்கக் கலெக்டர், மெட்ராஸ். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. சுங்க அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தது செல்லும்.

ஆகவே உங்கள் கையாலேயே, தமிழிலேயே எழுதுவதாகக் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதாதீர்கள். நினைவில்லாததை "நினைவில்லை" என்றே எழுதுங்கள். விசாரணையின்போது வழக்கறிஞர் பக்கத்தில் உட்கார உரிமை இல்லை என்று 1992இல் பூல்பாண்டி வழக்கில் சொல்லப்பட்டது. கண்ணுக்குத் தெரியும், காதுக்கு எட்டாத தூரத்தில் அவர் இருக்க நீதிமன்றங்கள் பின்னர் பல வழக்குகளில் அனுமதித்திருக்கின்றன.

மிரட்டி வாங்கினார்கள் என்றால் அதை மறுத்து எழுதும் கடிதம் உடனே போக வேண்டும். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினால் அங்கேயே சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது முதன்முறையாக மறுத்தால், வழக்கறிஞர் சொல்லிக் கொடுத்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பிறர் கொடுத்த வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தினால், 138பி பிரிவைக் காட்டி அவரைக் குறுக்கு விசாரணை செய்யக் கேட்கலாம். பதில் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஆறு மாதக் கணக்கு

110ஆம் பிரிவின்படி பொருளைக் கைப்பற்றினால் "ஏன் பறிமுதல் செய்யக் கூடாது" என்று காரணம் கேட்கும் 124ஆம் பிரிவு நோட்டீஸ் ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டும். ஜனவரி 10 கைப்பற்றியதென்றால் ஜூலை 10 எல்லை. ஆணையர் இன்னும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். ஆனால் காரணத்தை எழுதி, பழைய கெடு முடியும் முன்பே உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். கெடு தாண்டினால் பொருளைக் கேட்கும் உரிமை வரும், வழக்கு மட்டும் தொடரலாம். தற்காலிக விடுவிப்பு உத்தரவு ஏற்கெனவே போடப்பட்டிருந்தால் இந்த ஆறு மாதக் கெடு பொருந்தாது என்றும் 2018க்குப் பிறகான சட்டம் சொல்கிறது.

தற்காலிக விடுவிப்பு 110ஏ பிரிவில் இருக்கிறது. பத்திரமும் பிணைத்தொகையும் கொடுத்து, வழக்கு முடியும்வரை பொருளை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கேட்டால்தான் கிடைக்கும். லேப்டாப், கேமரா, வியாபாரச் சரக்கு என்றால் முதல் வாரத்திலேயே மனு கொடுங்கள்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 124ஆம் பிரிவு, பயணி கேட்டுக்கொண்டால் நோட்டீசை வாய்மொழியாகவே கொடுக்கலாம் என்கிறது. அதை வைத்து, "எனக்கு எழுத்து நோட்டீஸ் வேண்டாம், நேர் விசாரணையும் வேண்டாம்" என்று ஏற்கெனவே அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கம் வந்தது. சீக்கிரம் முடியும் என்று நம்பிப் போடுபவர்கள், எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றே தெரியாமல் உத்தரவை வாங்குகிறார்கள். இப்படி அச்சடித்த விட்டுக்கொடுப்பு செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025இல் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் வரை போவதைவிட அன்றைக்கே "எழுத்தில் நோட்டீஸ் வேண்டும்" என்று அந்தத் தாளில் எழுதிவிடுவது எளிது.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவில் மூன்று தொகைகள் இருக்கலாம். வரி ஒன்று. 125ஆம் பிரிவின் கீழ் பொருளை மீட்கக் கட்டும் அபராதம் இரண்டாவது. இதை ரிடெம்ப்ஷன் ஃபைன் என்பார்கள். 112 அல்லது 114ஏஏ போன்ற பிரிவில் ஆளுக்கு விதிக்கும் தண்டம் மூன்றாவது, இது பெனால்டி. தடை செய்யப்படாத பொருளுக்கு மீட்கும் வாய்ப்பை அதிகாரி கொடுத்தே ஆக வேண்டும். தடையுள்ள பொருளுக்குக் கொடுக்கலாம், மறுக்கவும் செய்யலாம். நிபந்தனை மீறி வந்த தங்கத்தையும் தடைப் பொருளாகக் கருதுவதால்தான் பல உத்தரவுகளில் "முழுப் பறிமுதல்" என்று வருகிறது. மீட்பு அபராதம், பொருளின் சந்தை விலையிலிருந்து வரியைக் கழித்த தொகையைத் தாண்டக் கூடாது. மீட்கும் வாய்ப்பு கிடைத்தால் 120 நாளுக்குள் கட்ட வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இல்லாவிட்டால் அதன் பிறகு வாய்ப்பு செத்துப்போகும்.

ஆணையருக்குக் கீழ்ப்பட்டவர் போட்ட உத்தரவு என்றால், கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் ஆணையர் (மேல்முறையீடு) முன் சிஏ-1 படிவத்தில் முறையிட வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள் தரலாம். 91ஆம் நாளில் போனால் மன்னிக்க அவருக்கே அதிகாரம் இல்லை. முன்வைப்பாக, அதாவது முறையீட்டை ஏற்க முன்கூட்டியே, எதிர்க்கும் வரி அல்லது தண்டத்தில் 7.5 சதவீதம் கட்ட வேண்டும். தண்டம் மட்டும் 2,00,000 ரூபாய் என்றால் 15,000 ரூபாய். இது மீட்பு அபராதத்துக்குப் பொருந்தாது. உத்தரவு வந்த அஞ்சல் உறையை எறிந்துவிடாதீர்கள். நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி.

அங்கும் தோற்றால், பயணியின் உடைமை தொடர்பான வழக்கு சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகாது. பலர் இங்கே வழி தவறி மாதங்களை இழக்கிறார்கள். 129டிடி பிரிவின் கீழ் மத்திய அரசிடம் சீராய்வு மனுதான், சிஏ-8 படிவத்தில், மூன்று மாதத்துக்குள். தொகை ஒரு லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய், அதற்கு மேல் 1,000 ரூபாய். ஆணையரே நேரடியாகப் போட்ட முதல் உத்தரவு என்றால் மட்டும் தீர்ப்பாயம்.

இயற்கை நீதி, அதாவது உங்கள் தரப்பைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்ற நெறி, மீறப்பட்டிருந்தால் உயர் நீதிமன்ற ரிட் வழி எப்போதும் திறந்திருக்கிறது. திருச்சி, மதுரை விமான நிலைய விவகாரங்களுக்கு மதுரைக் கிளை, சென்னைக்கு முதன்மை அமர்வு. 2025 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், இலங்கையிலிருந்து வந்த புதுமணப் பெண்ணின் தாலியை எடுத்துக்கொண்ட வழக்கில் அதைத் திருப்பித் தரச் சொல்லி, இந்த மண்ணின் வழக்கங்களை அதிகாரிகள் மதிக்க வேண்டும் என்று எழுதினார். கழுத்தில் கிடப்பது வெறும் கிராம் கணக்கு அல்ல என்பதை ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது வருத்தம்தான்.

கைது

104ஆம் பிரிவின்படி கைது செய்ய, குற்றம் நடந்தது என்று நம்பும் காரணத்தை அதிகாரி எழுதி வைத்திருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் ராதிகா அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. கைதுக்கான காரணத்தைச் சொல்வது, வீட்டாருக்குத் தகவல் தருவது, வழக்கறிஞரைச் சந்திக்க விடுவது எல்லாம் சுங்க அதிகாரிக்கும் பொருந்தும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

வாரியம் 2022 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பயணி உடைமை வழக்குகளில் பொருளின் மதிப்பு 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால்தான் பொதுவாகக் கைது. கள்ளநோட்டு, ஆயுதம், தொல்பொருள் போன்றவற்றுக்கு இந்த எல்லை கிடையாது. போதைப் பொருளுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

அதிகாரியைக் கட்டும் விதிகள்

சுங்கச் சட்டத்திலேயே 136ஆம் பிரிவு அதிகாரிகளுக்காக எழுதப்பட்டது. நம்பக் காரணமில்லாமல் ஒருவரை உடல் சோதனை செய்தாலோ, கைது செய்தாலோ, ஓர் இடத்தைச் சோதனையிட்டாலோ, ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடத்தலுக்கு உடந்தையானால் மூன்று ஆண்டு வரை. ஆனால் வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள முன் அனுமதி வேண்டும்: உதவி ஆணையரும் அதற்கு மேலும் என்றால் மத்திய அரசிடம், கீழே உள்ளவர் என்றால் ஆணையரிடம். 155ஆம் பிரிவு நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்குப் பாதுகாப்பு தருகிறது. அதே பிரிவின் கீழ், சட்டப்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு எதிராக நடவடிக்கை தொடங்க ஒரு மாத முன்னறிவிப்பும், மூன்று மாதக் காலவரம்பும் உண்டு.

நேர்மையாக வேலை செய்யும் அதிகாரிக்கு இந்தப் பாதுகாப்பு தேவை என்பதே எங்கள் எண்ணம். நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்த்துச் சில விநாடிகளில் முடிவெடுப்பவர், ஒவ்வொரு சந்தேகமும் தன் மேல் வழக்காகும் என்றால் யாரையும் நிறுத்த மாட்டார்.

நடைமுறையில் அதிகாரியை அதிகம் கட்டுவது பணி விதிகள்தான். 1964ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளின்படி, இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்துக்கு மேற்பட்ட அசையும் சொத்துப் பரிமாற்றத்தை அவர் தெரிவிக்க வேண்டும். விமான நிலையப் பணியில் ஏறும்போது கையிலுள்ள சொந்தப் பணத்தைப் பதிவேட்டில் எழுதும் வழக்கமும் உண்டு. 1965ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி, 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தானாகவே பணியிடை நீக்கம். அதை 90 நாளுக்குள் மறுபரிசீலனை செய்யாவிட்டால் அந்த நீக்கம் செல்லாது.

உங்களுக்கு வரும் கடிதம் உண்மையானதா என்று பார்க்க ஆவண அடையாள எண், சுருக்கமாக டின், இருக்கிறது. 2019 நவம்பர் 8 முதல் சம்மன், சோதனை ஆணை, கைது ஆணை, விசாரணைக் கடிதம் எல்லாவற்றிலும் அது வேண்டும். சிபிஐசி இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால் உண்மையா என்று காட்டிவிடும். எண் இல்லாமல் கொடுக்க நேர்ந்தால் காரணத்தைக் கோப்பில் எழுதி 15 வேலை நாளுக்குள் ஒழுங்குபடுத்த வேண்டும். "உங்கள் பெயரில் பரிசுப் பெட்டி வந்திருக்கிறது, சுங்க வரியை இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று வரும் அழைப்புகள் மோசடி. தனிநபர் கணக்குக்கு வரி கட்டச் சொல்லி எந்தச் சுங்க அலுவலகமும் தொலைபேசியில் கேட்காது.

புகார் என்றால், அன்றைய பணிநேர உதவி ஆணையரிடம் அங்கேயே தொடங்குங்கள். பெயர் தெரியாவிட்டால் நேரம், கவுண்டர் எண், சீருடையில் இருந்த பெயர்ப்பட்டி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஆணையர். சென்னையில் விமானப் பயணிகள் விவகாரம் மீனம்பாக்கம் நியூ கஸ்டம் ஹவுஸில், கப்பல் சரக்கு ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸில். இரண்டையும் குழப்பி அனுப்பினால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் போட்டால் 21 நாளில் தீர்க்க வேண்டும் என்பது 2024இன் வழிகாட்டுதல். ஆவணங்களின் நகலுக்கு 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். டிஆர்ஐ மட்டும் அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் விலக்கு பெற்றது. அங்கே ஊழல், மனித உரிமை மீறல் தொடர்பான தகவலைத்தான் கேட்க முடியும்.

யாராவது பணம் கேட்டுக் கட்டாயப்படுத்தி, கொடுத்தும் விட்டீர்கள் என்றால் நாளை எண்ணத் தொடங்குங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புலனாய்வு அமைப்பிடம் தெரிவித்தால் அந்தக் குற்றம் அவர் மேல் வராது. மத்திய அரசு அதிகாரி என்பதால் சிபிஐயின் லஞ்ச ஒழிப்புப் பிரிவுக்கு எழுதுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார், எவ்வளவு, எந்தக் காகிதத்துக்காகக் கேட்டார். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் உள்ள நகலை வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.